கிளட்ச் இல்லாத வண்டியும் ஒரு பிடி வேஸ்ட்டும்

எங்கள் ஒர்க்ஷாப்பில் எந்த ஓட்டையைத் திறந்தாலும் உடனே வேஸ்ட் வைத்து அடைத்துவிடுவோம். கார்புரேட்டரைக் கழற்றினால் அந்த வாயில் ஒரு பிடி. ரேடியேட்டர் ஹோஸைப் பிடுங்கினால் அதில் ஒரு பிடி. வேஸ்ட் என்றால் மில்லில் கழித்துப் போடும் நூல் சிக்கும் பஞ்சும்தான். மற்ற ஊர் மெக்கானிக்குகள் பழைய துணிக்கு அலைவார்கள். ராஜபாளையத்தில் எங்களுக்கு இது சாக்கு சாக்காக வந்து இறங்கும். கை துடைக்க, இஞ்சின் துடைக்க, டீ குடித்தால் மீசை துடைக்கக்கூட அதுதான். ஆடி மாதம் மலையிலிருந்து காற்று இறங்கி ரோட்டுப் புழுதியை அள்ளி ஷெட்டுக்குள் கொட்டும். அப்போது திறந்த ஓட்டையை அடைக்காமல் சாப்பிடப் போகிறவனை முதலாளி பேசும் பேச்சை இங்கே எழுத முடியாது. பன்னிரண்டு வருஷம் அப்படிப் பழகிய கை என்னுடையது. இதில் நான் செய்த முதல் காரியத்துக்குக் கைப்பழக்கம் என்று சாக்குச் சொல்லலாம். அதற்குப் பிறகு செய்த எதற்கும் சாக்கு இல்லை. நான் தேடவும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஹெட் மெக்கானிக் நான்தான். அம்பாசடர், வேன், மில்லுக்குப் பஞ்சு ஏற்றும் லாரி, எது வந்தாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் பாதி நானே பரப்பியது.

அந்த வருஷம் மஸ்கட்டிலிருந்து திரும்பிய ஒருவனை முதலாளி வேலைக்குச் சேர்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். அங்கே ஒரு பெரிய கராஜில் நாலு வருஷம் வேலை பார்த்தவன்; கம்பெனி மூடியதால் ஊர் வந்து சேர்ந்தவன். காலை பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு வந்து இறங்குவான். வேலை தொடங்குமுன் தன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து சைஸ் வாரியாக அடுக்குவான். யாரையும் எதிர்த்துப் பேச மாட்டான். முதல் வாரத்திலேயே அவனை எனக்குப் பிடிக்கவில்லை. மஸ்கட் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். "ஏலே மஸ்கட்டு, அங்க ஒட்டகத்துக்கு கிரீஸ் அடிச்சியா, இல்ல ஆயில் மாத்துனியா?" என்று நான் கேட்டால் ஷெட்டே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவன் சிரிக்கும்போது எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான் கார் வந்தது. மில் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் நடு மகன், சிங்கப்பூரில் இருந்த சொந்தக்காரர் மூலமாக இறக்கிய வண்டி. அந்த நடு மகனைத்தான் மில்காரர் என்போம். அவருக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. நாற்பது வயது வரை பின் சீட்டில் உட்கார்ந்து டிரைவரின் பிடரியைப் பார்த்தபடியே போய் வந்த மனிதர். இந்தக் காரில் கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறிக்கொள்ளும். இடது காலுக்கு வேலையே இல்லை. சாயங்காலமானால் அவரே ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போவார், சில நாள் கிருஷ்ணன்கோவில் வரை போய்த் திரும்புவார். டிரைவரைக்கூட ஏற்றிக்கொள்ள மாட்டார். நொண்டிக் கோழிக்கு றெக்கை முளைச்சிருக்கு என்று எங்கள் ஷெட்டில் முதலில் சொன்னவன் நான்தான். அந்தப் பேச்சு ஊர் முழுக்க ஓடியது.

ஒரு வருஷத்தில் அந்த வண்டி கியர் மாறும்போது லேசாக உதைக்க ஆரம்பித்தது. கியர்பாக்ஸ் ஆயிலையும் உள்ளே இருக்கும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்றான் மஸ்கட். சிங்கப்பூருக்குச் சொல்லியனுப்பி ஃபில்டர், ஆயில் ஒழுகாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட், சிவப்பு நிறத்தில் ஆயில் டப்பாக்கள் என்று ஒரு செட் வந்து சேர்ந்தது. அன்றைக்கு முதலாளி எல்லோரையும் வைத்துக்கொண்டு மஸ்கட்டிடம் சொன்னார்.

"நீதாம்லே செய்யணும். இவனுக்கு இது தெரியாது," என்று என்னைக் காட்டினார். "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அவிய வண்டி. அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ இந்தப் பக்கமே வரக் கூடாது. இந்த ஊருல, உன் ஊருல, எந்த ஷெட்டிலயும் உன்ன நிக்க விடமாட்டேன்."

"சரிங்க மொதலாளி," என்றான் அவன்.

"நீ செத்த நேரம் இவனுக்குக் கூட மாட ஒத்தாசைக்கு நில்லு," என்றார் என்னிடம். பன்னிரண்டு வருஷ ஹெட் மெக்கானிக், ஒட்டகக்காரனுக்கு ஒத்தாசை. எனக்குக் காது சூடேறிப் போனது.

அவன் வீட்டிலிருந்து பழைய வேட்டி இரண்டைத் துவைத்து, துண்டு துண்டாகக் கிழித்துக் கொண்டுவந்திருந்தான். "அண்ணே, இந்த வேலைக்கு மட்டும் வேஸ்ட் வேண்டாம். உள்ள ஒரு நூலு போனாக்கூட பெரிய தொந்தரவு. இந்தத் துணிய வச்சுக்கோங்க," என்றான். தன்மையாகத்தான் சொன்னான்.

"எனக்கே வேலை சொல்லிக் குடுக்கியோ?" என்றேன்.

"அய்யய்யோ, அப்படி இல்லண்ணே. அங்க எங்களுக்கு இப்படித்தான் சொன்னாக. அதான்."

அவன் வேலை செய்ததை நான் நின்று பார்த்தேன். இன்றைக்கும் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. ஆயிலை வடித்துவிட்டு, அடியில் இருக்கும் தட்டை இறக்கினான். தட்டு என்றால் ஆயில் தேங்கி நிற்கும் தகரப் பாத்திரம். அதற்குள் ஒட்டியிருந்த காந்தத்தில் சாம்பல் மாதிரி இரும்புத் தூள் படிந்திருந்தது. "இது எல்லா வண்டியிலயும் இருக்கும்ணே, பயப்பட வேண்டாம்," என்று எனக்குச் சொன்னான். நான் பயந்ததாக அவனிடம் யார் சொன்னார்கள்? பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினான். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் ரிங். அது ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் நுனியால் சுற்றித் தடவிப் பார்த்தான். வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி உள்ளே போய் இன்னொரு தரம் தடவிப் பார்த்தான். தட்டைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் வெள்ளைத் துணி மேல் கவிழ்த்து வைத்தான். மேலே இஞ்சின் பக்கம் ஆயில் ஊற்றுகிற குழாய் ஒன்று உண்டு. அது நேராகக் கீழே தட்டில் போய் முடியும்; அளவு பார்க்கும் கம்பியும் அதே குழாயில்தான் இறங்கும். அதன் வாயில் ஒரு துணித் துண்டைப் போர்த்திவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எதிர்த்த டீக்கடைப் பெஞ்சுக்குச் சாப்பிடப் போனான்.

காற்று கிளம்பியது. துணித் துண்டு பறந்து போய் லாரிக்கு அடியில் விழுந்தது. குழாய் வாய் திறந்து கிடந்தது. என் கை சாக்குக்குள் போய் வேஸ்ட்டைக் கிள்ளியது. இதுவரை பழக்கம். கிள்ளும்போதே, ஒரு நூல் போனால் அப்படி என்னதான் ஆகிவிடும் பார்க்கலாமே என்ற நினைப்பும் வந்தது. துணி லாரிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியத்தான் கிடந்தது. குனிந்து எடுத்து உதறிப் போர்த்தியிருக்கலாம். நான் குனியவில்லை. வேஸ்ட்டைக் கட்டைவிரல் நீளத்துக்கு உருட்டிக் குழாயில் திணித்தேன்.

அவன் சாப்பிட்டு வந்ததும் நேராக வண்டிக்கு அடியில் போய்விட்டான். தட்டை மாட்டி, எல்லா போல்ட்டையும் ஒரே சீராக இறுக்கினான். அடியிலிருந்தே, "ஊத்துங்கண்ணே," என்றான். நான் வேஸ்ட்டைப் பிடுங்கினேன். பாதிதான் வந்தது. பிய்ந்த நுனி என் கையில் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன், உள்ளே இருட்டாக இருந்தது. நீளமான புனலைச் செருகினேன். எதையோ தள்ளிக்கொண்டு இறங்கியது. ஆயிலை ஊற்றினேன். முதலில் புனலில் தேங்கி நின்றது. பிறகு ஒரு சத்தத்தோடு விடுபட்டு மடமடவென்று இறங்கியது.

"போகுதாண்ணே?" என்றான் அடியிலிருந்து.

"போகுது," என்றேன்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணி நேர வேலை. தட்டை மறுபடி இறக்கி, நூலை எடுத்துப் போட்டுவிட்டு மாட்டியிருக்கலாம். அவன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். "பரவால்லண்ணே" என்றுதான் சொல்லியிருப்பான். அந்தப் பரவால்லண்ணேயைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. கையில் இருந்த பாதியைக் குப்பை டிரம்முக்குள் போட்டேன்.

முதல் நாள் வண்டி அருமையாக ஓடியது. மில்காரர் ஒரு சுற்றுப் போய் வந்து மஸ்கட்டின் தோளைத் தட்டி, நல்ல கைப்பா உனக்கு என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வண்டி கெட்டுப் போகவேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது சாமிக்குக் கேட்டிருந்தால் அந்தச் சாமியை என்ன சொல்வது?

மறுநாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பாதி வழியில் வண்டி நின்றது. இஞ்சின் அலறுகிறது, மிதிக்க மிதிக்க ஏறுகிறது. சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. யாரோ நாலு பேர் இறங்கி ஓரமாகத் தள்ளினார்களாம். ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்து, "நீரும் இறங்கித் தள்ளுமய்யா, சும்மா ஒக்காந்திருக்கீரே," என்றானாம். அவர் கம்பை ஊன்றி இறங்கியதைப் பார்த்து, காலுக்குப் பொருத்தமான வண்டிதான் என்று இன்னொருவன் சொன்னானாம். சொல்லியனுப்பி, அவருடைய பழைய டிரைவர் போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. டிரைவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி ஒரு குறையும் இல்லாமல் கிளம்பி வீடு வந்து சேர்ந்தது.

அதுதான் அவருக்கு இன்னும் கேவலமாகப் போயிற்று. வண்டிக்கு ஒன்றுமில்லை, தம்பிக்குத்தான் மிதிக்கத் தெரியவில்லை என்று அவருடைய அண்ணனே சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சிரித்தாராம். டிரைவர் வந்து எங்களிடம் சொன்னான். நான் அதை ஷெட்டில் நடித்தே காட்டினேன், ஒரு காலை இழுத்துக்கொண்டு. மஸ்கட் மட்டும் சிரிக்கவில்லை.

"எம்புட்டு தூரம் ஓடி நின்னுச்சாம்? நின்னு எம்புட்டு நேரம் கழிச்சு எடுத்தாகளாம்?" என்று டிரைவரிடம் கேட்டான். பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து போய்த் தன் ஸ்பேனர்களை மறுபடி ஒவ்வொன்றாகத் துடைத்தான். முதலாளி சொன்ன சொல் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் ஞாபகம் இருந்தது.

அடுத்த நாள் மில்காரர் தானே வண்டியை ஷெட்டுக்கு ஓட்டி வந்தார். "மூணு பேரும் ஏறுங்க. நானே ஓட்டுதேன். பொறவு பேசலாம்," என்றார். முதலாளி முன் சீட்டில், நானும் மஸ்கட்டும் பின்னால். ஊரைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. நாலைந்து மைல் போனதும் அடியிலிருந்து கீச்சென்று மெல்லிசாக ஒரு முனகல் கிளம்பியது. இஞ்சின் சத்தம் ஏறியது, வண்டி இளைத்தது. கடைசியில் ஒரு புளியமரத்துக்குக் கீழே நின்றேவிட்டது. மில்காரர் திரும்பி எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். "பார்த்தீகளா? நான் பொய் சொல்லலியே," என்றார். வண்டி நின்றுபோனதில் அத்தனை சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

மஸ்கட் இறங்கி பானெட்டைத் திறந்தான். இஞ்சினை ஓடவிட்டே கியர் லீவரை ஒவ்வொரு இடமாகத் தள்ளிக் கடைசியில் பார்க்கிங்குக்கான பி-யில் நிறுத்தச் சொன்னான். அளவுக் கம்பியை உருவி, வேட்டித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். "இஞ்சின நிப்பாட்டிட்டு இந்த வண்டியில அளவு பார்க்கக் கூடாது," என்று யாருக்கோ சொல்வது மாதிரி சொன்னான். ஆயிலை விரலில் தொட்டு மோந்தான். அளவு சரி, நிறம் சரி, கருகல் வாடை இல்லை. லீவர் கம்பியை அசைத்துப் பார்த்தான், அதுவும் சரி. பிறகு இஞ்சினை நிறுத்தச் சொல்லி கால் மணி நேரம் எல்லோரையும் ரோட்டோரம் நிற்கவைத்தான். மறுபடி எடுக்கச் சொன்னான். வண்டி ஜம்மென்று கிளம்பியது.

"மொதலாளி, கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் ஆகல," என்றான். "உள்ள என்னமோ கெடக்கு. ஓடுறப்ப ஃபில்டர் உறிஞ்சுதுல்ல, அப்ப அதுல போயி ஒட்டிக்கிடுது. ஆயில் ஏற மாட்டேங்கு. நிப்பாட்டினா கீழ விழுந்துருது. தட்ட எறக்கினா கையில எடுத்துரலாம். ஆயில சுத்தமான பாத்திரத்துல புடிச்சு அதையே ஊத்திக்கிடலாம். கேஸ்கெட் கிழிஞ்சா கார்க் சீட்டுல நானே வெட்டிருவேன். ஒரே ஒரு தடவ தொறக்க விடுங்க."

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி சொன்னான். அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீங்க கூடத்தான இருந்தீக. நான் பார்த்துப் பார்த்துத்தான மாட்டினேன். நீங்க சொல்லுங்கண்ணே."

சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டான். அந்த ரோட்டில் அவனுக்கு வேறு ஆள் கிடையாது. முதலாளியும் மில்காரரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"உள்ள கெடக்குன்னா, உள்ள போட்டவன் யாரு?" என்றேன். "ஃபில்டர மாட்டினது நீ. தட்ட மாட்டினதும் நீ. இப்ப மறுபடி தொறந்து, உள்ளதும் போச்சுன்னா? வேற செட்டுக்குச் சிங்கப்பூர்தான் போகணும். மொதலாளி, மஸ்கட்டுல இவன் ரிப்பேர் பார்த்தானா, வண்டி கழுவினானா, யாரு கண்டா?"

மில்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முந்தாநாள் தோளில் தட்டிய கை அது. இப்போது கம்பை இறுகப் பிடித்திருந்தது. "என்னய நடு ரோட்டுல நிக்க வச்சுட்டியேப்பா," என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் அழுதுவிட்டான்.

முதலாளி அவனைத் திரும்ப வண்டியில் ஏற்றவில்லை. "உன் ஊரு இந்தப் பக்கம்தான. அப்படியே நடையக் கட்டு," என்றார். நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கையில் வேட்டித் துணியோடு புளியமரத்துக்குக் கீழேயே நின்றான்.

மறுநாள் ஸ்பேனர்களுக்காக வந்தான். முதலாளி அவற்றைச் சாக்கில் அள்ளி கேட்டுக்கு வெளியே எறியச் சொல்லியிருந்தார். எறிந்தது நான். புழுதியில் குத்தவைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து, சைஸ் வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனான். ஷெட்டுக்குள் இருந்து ஒருவன், "ஏலே, ஒட்டகம் காத்துக்கிட்டு இருக்கு, வெரசாப் போ," என்றான். நான் சொல்லிக் கொடுத்த பேச்சுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் யாரும் இல்லாதபோது முதலாளியிடம் அனுமதி வாங்கி நான் தட்டை இறக்கினேன். அவன் சொன்னபடியே ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்தேன். தட்டின் அடியில் கிடந்தது, சிவப்பில் ஊறிய நூல் சிக்கு, கட்டைவிரலில் பாதி நீளம். எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். பை நனைந்து உடம்பில் ஈரம் பட்டது. அவன் விட்டுப்போன வேட்டித் துண்டுகள் அலமாரியில் இருந்தன. அவற்றால்தான் எல்லாவற்றையும் துடைத்தேன். ரப்பர் ரிங்கை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தது. கார்க் சீட்டில் கேஸ்கெட் வெட்டி மாட்டினேன். வண்டி அன்றைக்கு ஓட ஆரம்பித்ததுதான், பிறகு நிற்கவே இல்லை.

"என்னப்பா இருந்துச்சு?" என்று கேட்டார் மில்காரர்.

"ஃபில்டர் கழுத்துல ரப்பர் ரிங் மடங்கிக் கெடந்துச்சுங்க. கோணலா மாட்டியிருக்கான். காத்த இழுத்திருக்கு," என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் கிருஷ்ணன்கோவில் வரை தனியாகப் போய்த் திரும்பினார். போகும்போது ஷெட்டு முன்னால் வேண்டுமென்றே ஹாரன் அடித்துவிட்டுப் போனார். மஸ்கட்காரன் ரிங்கைக்கூட மாட்டத் தெரியாதவன் என்று அவர் போகிற இடமெல்லாம் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர், அதனால் எல்லோரும் நம்பினார்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு ஷெட்டிலும் அவனை உள்ளே விடவில்லை. சுந்தரபாண்டியத்தில் மோட்டார் பம்புசெட் பார்க்கிறான் என்று கொஞ்ச நாள் சொன்னார்கள். அதுவும் நிலைக்கவில்லை என்றார்கள். நான் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

எனக்கு நல்ல காலம்தான். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் அவனைக் கூப்பிடு என்று என்னைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஐந்தாறு வருஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக ஷெட் போட்டேன். இஞ்சினை ஓடவிட்டு அளவு பார்ப்பது, ஆயிலை மோந்து பார்ப்பது, நிறுத்திக் காத்திருந்து மறுபடி எடுத்துப் பார்ப்பது, எல்லாம் அந்தப் புளியமரத்தடியில் கற்றுக்கொண்டது. அந்த வேலைக்கு வேஸ்ட்டை நான் தொட்டதே இல்லை. என்னிடம் வேலை பார்த்தவர்கள் தொட்டால் அடித்தேவிடுவேன்.

மற்ற வேலைகளுக்கான வேஸ்ட்டை மஸ்கட்தான் கொண்டுவந்து போட்டான். மில்களிலிருந்து சாக்கில் வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, இரண்டு ஊர் ஷெட்டுகளுக்கும் போடுகிற வேலை. முதல் தடவை என் ஷெட் வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன் தலை முழுக்க முடி போயிருந்தது. "நல்லாருக்கீகளாண்ணே?" என்றபோதுதான் தெரிந்தது. வாரம் ஒரு சாக்கு போடச் சொன்னேன். அவன் மேல் இரக்கப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். வேறு ஆளிடம் வாங்கினால் இவன் ஏதாவது சந்தேகப்படுவானோ என்ற பயம்தான். வருவான், சாக்கை இறக்குவான், போவான். இஞ்சின் பக்கம் பார்க்கக்கூட மாட்டான்.

சில மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அவன் வந்தபோது மதுரையிலிருந்து வந்த ஆட்டோமேட்டிக் கார் ஒன்றின் தட்டை இறக்கிப் போட்டிருந்தேன். சாக்கைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டான். சாக்கிலிருந்து நூல் பறந்து தட்டில் விழுந்துவிடக் கூடாது என்று இரண்டு அடி பின்னால் போய் நின்றான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடாதீக."

"கேளு."

"அன்னைக்கு நான் எதுல தப்பு பண்ணினேன்? ரிங்குன்னு ஊருல சொன்னாக. நான் ரெண்டு தடவ தடவிப் பார்த்தேன்ணே. விரல்ல இன்னும் தெரியுது. படுத்தா அதான் வருது. போல்ட்டு, தட்டு, ரிங்குன்னு ஒவ்வொண்ணா மனசுல கழத்தி மாட்டிக்கிட்டே இருக்கேன். நீங்கதான தொறந்து பார்த்தீக. நெசம்மா என்ன கெடந்துச்சு?"

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன், வெள்ளைத் துணியால். சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. மில்காரர் அப்போதும் என்னிடம்தான் வண்டி விட்டுக்கொண்டிருந்தார். ஷெட்டில் மூன்று பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரிங்குதான்," என்றேன். "மடங்கிக் கெடந்துச்சு. நீ பார்த்திருக்க மாட்டே. பார்த்தோம்னு நெனச்சிருப்பே."

அவன் தலையை ஆட்டினான். சாக்கை மெதுவாக இறக்கி வைத்தான். "அப்ப என் தப்புதான்," என்றான். தன் விரல்களைப் பார்த்தான். "வீட்டுல அவ ஒருத்திதான்ணே நம்பிக்கிட்டிருந்தா, நான் தப்பு பண்ணலன்னு. அவ அண்ணன் தம்பிக என்னயக் கேவலமாப் பேசுனதுக்கு, அம்புட்டு பேர்கிட்டயும் சண்ட போட்டுட்டு, பொறந்த வீட்டுக்கே போக மாட்டேங்கா. அவகிட்டச் சொல்லிரணும்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றேன்.

"இல்லண்ணே. அவள ஏமாத்திக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நான் தட்டை மாட்டி, ஆயில் ஊற்றி, அளவு பார்த்து, வண்டியை ஓட்டிப் பார்த்து அனுப்பினேன். வேலையில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வாரம் அதே கிழமையில் வந்தான். சாக்கை இறக்கி, வாயைப் பிரித்து, நூல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து என் கையில் கொடுத்தான்.

"வீட்டுல சொல்லிட்டேன்ணே," என்றான்.